போடாத மசோதாவுக்கு வந்த பதில்

சிவனணைந்த பெருமாள் இதுவரை மூன்று போர்களை நிறுத்தியிருக்கிறார். அதை அவரேதான் சொன்னார். நாடாளுமன்ற உணவகத்தில், கையில் பாதி மெதுவடையோடு, சுற்றி உட்கார்ந்திருந்த நிருபர்களிடம் சொன்னார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"ஒரு சட்டம்கூட நிறைவேத்தாம நிறுத்தியிருக்கேன். அதையும் சேத்து எழுதிக்கிடுங்க. சட்டம் போட்டு ஒருத்தன வழிக்குக் கொண்டு வாரது, அடிச்சு விழவைக்கிற மாதிரி. அத எவனும் செய்வான். கைய ஓங்கினதுமே அவன் விழணும். அதுல்லா வித்தை."

நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் இதில் வருத்தமான விஷயம்.

முன்பெல்லாம் ஒரு நாடு சட்டம் இயற்றும். அடுத்த நாடு அதைப் படித்துவிட்டுக் கோபப்படும். இதில் காலம் வீணாகிறது என்று கண்டுபிடித்ததுதான் முன்விடைப்பொறி. வேறொரு நாட்டின் அவையில் ஒரு மசோதா அறிமுகமானதும், அது சட்டமானால் என்ன நடக்கும், அதற்குத் தன் நாடு எப்படிப் பதிலடி கொடுக்கும் என்று பொறி கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். என்றைக்கோ கொடுக்கப்போகிற பதிலடியை இன்றைக்கே கொடுத்தால் செலவு குறைவு. எனவே எல்லா நாடுகளும் மசோதாவுக்கே பதில் சொல்ல ஆரம்பித்தன. பதில் வந்த பிறகு சட்டம் எதற்கு என்று பிறகு எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கான நேரம். உறுப்பினர் எழுந்து, மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கேட்பார். அறிமுகத்தை யாரும் எதிர்ப்பதில்லை. அது பழைய மரியாதை. எதிர்நாடு பணிந்ததும் அவரே எழுந்து அதைத் திரும்பப் பெறுவார். அவர்களும் தங்கள் பதிலைத் திரும்பப் பெறுவார்கள். இதற்குப் போட்டெடுப்பு என்று பெயர். பெருமாள் இதில் மன்னன். மேற்கே ஒரு நாடு எல்லையில் படையைக் குவித்தபோது, அவர்களுடைய பேரீச்சம்பழத்துக்குத் தடைவிதிக்கும் மசோதாவைப் போட்டார். திங்களன்று படை கலைந்தது. செவ்வாயன்று மசோதாவை எடுத்தார். புதனன்று பேரீச்சம்பழம் சாப்பிட்டார்.

அந்த அவை கடைசியாக நிறைவேற்றிய சட்டம், உறுப்பினர்களின் மணிக்கட்டில் வெளிப்படைப் பட்டை கட்டுவது பற்றியது. அவர்களுடைய நாடித்துடிப்பு, பேச்சு, தூக்கம் எல்லாவற்றையும் உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று செய்தார்கள். மக்கள் ஒருவரும் பார்க்கவில்லை. வேறு சிலர் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, கொழுக்கட்டைக் கட்சி பத்தி ஒண்ணு சொல்லுங்க," என்றான் ஒரு நிருபர்.

அவையின் கடைசி வரிசைகளில், எல்லாக் கட்சியிலிருந்தும் கொஞ்சம் பேர், கூட்டத்தொடர் முழுவதும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள், மசோதா போட மாட்டார்கள். அவர்களுக்குக் கொழுக்கட்டைக் கட்சி என்று பெயர் வைத்தவரே பெருமாள்தான். அந்த நேரம் பார்த்துப் பொள்ளாச்சி உறுப்பினர் பூங்கோதை தண்ணீர் பிடிக்க வந்தார். பேச்சாலேயே தேர்தலில் ஜெயித்தவர். முதல் கூட்டத்தொடரில் அவர் பேசியதைக் கேட்க மேலவை உறுப்பினர்கள்கூட வந்து நின்றார்கள். அடுத்த கூட்டத்தொடரிலிருந்து பேச்சில்லை. பல வருடமாகிவிட்டது.

"என்ன மேடம், வாயில உள்ளது இன்னும் கரையலியா? பூரணம் ரொம்பக் கெட்டியோ?"

நிருபர்கள் சிரித்தார்கள். பூங்கோதை பாட்டிலை மூடிக்கொண்டு போனார்.

பெருமாள் தன் அறைக்குத் திரும்பியபோது அமலி மோத்தா நின்றுகொண்டிருந்தாள். திரேஸ்புரத்து மீனவக் குடும்பத்துப் பெண். அவருடைய செயலாளர். மூன்று போர்களையும் நிறுத்திய மசோதாக்களைத் தட்டச்சு செய்தவள். சாதாரணமாக அவர் வரும்போது உட்கார்ந்துதான் இருப்பாள்.

"அண்ணாச்சி, கில்பர்ட் படகப் புடிச்சிட்டாவ."

கில்பர்ட் அவளுடைய ஒரே தம்பி.

"யாரு புடிச்சது?"

"மிதவைக்காரன்."

கடல் ஏறி ஊர்களை விழுங்கியபோது, வீடிழந்த பல கரைகளின் மக்கள் சேர்ந்து கடலுக்கு நடுவே கட்டிக்கொண்ட நாடு மிதவைக் குடியரசு. நிலமே கிடையாது என்பதால் எல்லை விஷயத்தில் மிகவும் கறாரானவர்கள்.

"எல்ல தாண்டினானா?"

"இல்லியாம். நம்ம கடல்லயே வந்து இழுத்துட்டுப் போயிருக்காவ. காரணமும் அனுப்பியிருக்காவ. மாண்புமிகு சிவனணைந்த பெருமாளின் மசோதாவுக்குப் பதிலாகன்னு."

"எந்த மசோதா?"

"அதத்தான் நானும் கேக்கேன். அவுங்களப் பத்தி நீங்க ஒண்ணும் போடலியே. போட்டா நான்தான அடிக்கணும்."

பெருமாள் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது வருத்தம் இல்லை.

"பாத்தியா அமலி. நான் நெனைக்கவே இல்லாத மசோதாவுக்கு ஒரு நாடே நடுங்குது."

"என் தம்பி உள்ள இருக்கான் அண்ணாச்சி."

"வந்துருவான். எந்த மசோதான்னு கேட்டு, போட்டு, எடுத்துட்டா சோலி முடிஞ்சுது. கெளம்பு."

மிதவைக் குடியரசின் தூதர் செய்யிது ராவியத் என்ற பெண்மணி, இவர்களுக்காகவே காத்திருந்தவர்போல வாசலுக்கு வந்து அழைத்துப்போனார். தேநீர் ஏற்கெனவே மூன்று கோப்பைகளில் இருந்தது. பெருமாளுடையதில் சர்க்கரை அவர் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சரியாக இருந்தது. அவர் அதைக் கவனித்து, விருந்தோம்பல் என்று எடுத்துக்கொண்டார்.

"எந்த மசோதாம்மா அது?"

"எங்களுக்குத் தெரியாதுங்க," என்றார் ராவியத். "பொறி பதிலை மட்டும்தான் தரும். முதல்ல எல்லாம் நீங்க மசோதா போட்ட பிறகு பதில் வந்துச்சு. அப்புறம் முந்தின நாளே வர ஆரம்பிச்சுது. இப்ப எதுக்கு எப்ப வருதுன்னு எங்களுக்கே பிடிபடல. உங்க ஒவ்வொருத்தருக்கும் அதுக்குள்ள ஒரு நிழல் இருக்கு. பழைய பேச்சு, பழைய மசோதா, அந்தப் பட்டையில வர்ற துடிப்பு எல்லாம் சேர்த்துக் கட்டினது. நிழல் என்ன போடும்னு பார்த்து, அதுக்கு இப்பவே பதில் சொல்லிடுது."

"அப்ப அந்த நிழல்ட்ட கேளுங்களேன், என்ன போடப்போறன்னு."

"கேட்டோம். உங்கள மாதிரியேதான் இருக்கு. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்குது. மூணு போர நிறுத்தினதச் சொல்லுச்சு. மசோதா பேரு மட்டும் சொல்லல. இன்னும் யோசிக்கலயாம்."

அமலி தன் கோப்பையைத் தள்ளிவைத்தாள். பெருமாளுக்கு நிழலைப் பிடித்துவிட்டது.

"சரி, பையன விட்டுருங்க."

"நீங்க மசோதாவைத் திரும்பப் பெற்றா அன்னைக்கே விட்டுருவோம். அதுதானே மரபு."

"போடாதத எப்படிம்மா எடுக்க?"

"போட்டுட்டு எடுங்க."

"எத?"

"அது நீங்கதானே போடப்போறீங்க," என்றார் ராவியத். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க ஊர்ல பொறி சொன்ன பதில மறுத்த அமைச்சர் யாரும் இல்லைங்க. மறுத்தா என்ன ஆகும்னு அதையும் அது முன்னாடியே சொல்லிடுது."

அந்த வெள்ளிக்கிழமை பெருமாள் ஊகத்தில் இறங்கினார். வலைக்கண்ணின் அகலம் பற்றி ஒரு மசோதா போட்டார், எடுத்தார். மீன் எண்ணெய் மீதான தீர்வை பற்றி ஒன்று போட்டார், எடுத்தார். கப்பல்களின் ஊதல் சத்தம் பற்றிக்கூட ஒன்று போட்டார். அவை கைதட்டி ரசித்தது. கில்பர்ட் வரவில்லை. அதற்குப் பதிலாக இன்னும் இரண்டு படகுகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுவாரம் பகல் சாப்பாட்டு வேளையில் கில்பர்ட்டே அழைத்தான். விருந்தாளிகள் வீட்டுக்குப் பேசலாம் என்பது மிதவைக் குடியரசின் விதி. பிடித்துவைத்தவர்களை அவர்கள் விருந்தாளிகள் என்றுதான் சொல்வார்கள். அமலி கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"சோறெல்லாம் நல்லாத்தாங்க்கா போடுதானுவ. நம்ம வீட்டுல விட மீனு பெருசு. ஒண்ணுதான் ஒரு மாதிரியா இருக்கு. பக்கத்து ரூம்ல கட்டில் போட்டு வச்சிருக்கானுவ. ஒவ்வொரு கட்டிலுலயும் பேரு ஒட்டியிருக்கு. முந்தாநேத்து நம்ம ஊரு ரிச்சர்டு வாஸ் பேரு இருந்துச்சு. நேத்து ரிச்சர்டு வாஸே வந்துட்டாரு."

"இப்ப யாரு பேரு இருக்கு?"

"சூசை அண்ணன் பேரு."

"சூசை அண்ணன் இங்கன கரையிலல்லா இருக்காவ. காலையிலதான் பேசினேன். இன்ஜின் ரிப்பேருன்னு படகு ஏத்திக் கெடக்கு."

"அதான் சொல்லுதேன்."

பெருமாள் இதையெல்லாம் அரைக்காதில் கேட்டபடி அடுத்த வெள்ளிக்கிழமையை யோசித்துக்கொண்டிருந்தார். "ஐஸ் கட்டிக்கு வரி போட்டா என்ன," என்று தாடையைத் தடவினார். "மிதவையில ஐஸ் கெடையாது. அப்படியே நம்மட்டதான் வாங்குதான்."

"அக்கா," என்றான் கில்பர்ட். "ஒருத்தன் வந்து இன்னும் ரெண்டு பேர ஒட்டிட்டுப் போறான்."

பெருமாளின் பார்வை மணிக்கட்டுப் பட்டைக்குப் போனது.

பெருமாள் மெதுவாகச் சொன்னார். "சரி. ஐஸ் வேண்டாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "கிழிச்சிட்டான்," என்றான் கில்பர்ட்.

"உப்பு ஏத்துமதிய நிறுத்தினா?"

"வாரான். ஒட்டுதான்... நாலு பேரு."

"உப்பும் வேண்டாம்."

"கிழிச்சிட்டான்."

பெருமாள் கைபேசியின் பக்கம் குனிந்தார். குரலைக் கனமாக்கிக்கொண்டார், அவையில் பேசுவதுபோல. "சிவனணைந்த பெருமாள் ஆகிய நான், இனிமே அயல்நாடுகளப் பத்தி எந்த மசோதாவும் போடமாட்டேன். இது உறுதி." பிறகு சாதாரணக் குரலில் கேட்டார். "என்னல ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல அண்ணாச்சி. ஒட்டுறவன் சிரிச்சுக்கிட்டே போறான்."

அன்று மாலைக்குள் பெருமாளுக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னை நம்பாத ஒரு பொறியை அவர் இதற்கு முன் சந்தித்ததில்லை. எழுந்து நடந்தபடியே சொல்லச் சொல்ல அமலி தட்டினாள். குற்றமற்ற மீனவர்களைப் பிடித்துவைத்த மிதவைக் குடியரசோடு எல்லா உறவையும் முறிக்கும் மசோதா. அவர்களுடைய நங்கூரம் ஒன்றுகூட நம் கடல்தரையைத் தொடக்கூடாது. அது அவர் வாழ்நாளில் எழுதிய சிறந்த மசோதா. தம்பியின் பெயர் வந்த இடத்தில் அமலி ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தட்டினாள்.

அவள் கடைசிப் புள்ளியை வைத்ததும் தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தது.

"நிழல் இப்பத்தான் பேர் சொல்லிச்சு," என்றார் ராவியத். அவர் குரல் சரியாக இல்லை. மசோதாவின் தலைப்பை வாசித்தார். அமலியின் திரையில் இருந்ததேதான், ஓர் எழுத்து பிசகாமல். "கில்பர்ட்டைப் பிடிச்சது இதுக்குப் பதிலாத்தானாம்."

ஆக, கில்பர்ட்டைப் பிடித்ததால் பெருமாளுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவர் மசோதா எழுதினார். அந்த மசோதாவுக்குப் பதிலாகக் கில்பர்ட்டைப் பிடித்துவிட்டார்கள். இதில் யார் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க அமலி கொஞ்ச நேரம் முயன்றாள். ஆரம்பம் என்று எதுவும் அகப்படவில்லை.

பெருமாளோ தெளிந்துவிட்டார். "கெடச்சிருச்சுல்லா. வெள்ளிக்கிழம போடுதோம், எடுக்கோம். நாலாவது போரு."

வெள்ளிக்கிழமை காலை, அவர் சட்டைக்குக் கஞ்சி போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தபோது கில்பர்ட் அழைத்தான். இந்தமுறை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அக்கா, பின்பக்கத்துக் கதவத் தொறந்துட்டானுவ. அந்தப் பக்கம் பெரிய கூடம். பூரா கட்டிலு. முடியற எடம் தெரியல. திரேஸ்புரம், புன்னைக்காயல், மணப்பாடு... எல்லா ஊர்க்காரன் பேரும் இருக்கு. சின்னப் புள்ளைய பேருகூட இருக்குக்கா. உன் பேரையும் பாத்தேன்."

அமலி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு பெருமாளைப் பார்த்தாள்.

"பொறி தப்புப் பண்ணுது," என்றார் அவர். "போட்டதும் எடுத்துருவேன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி. போடுவீய, எடுப்பீய, கில்பர்ட்டும் வந்துருவான். அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன?"

"நாலாவது போர நிறுத்தினேன்னு கேன்டீன்ல சொல்லுவீய. அஞ்சாவதுக்கு மசோதா போடாம இருக்கவா போறீய? ஆறாவதுக்கு?" அவள் சத்தம் போடவில்லை. "அது இன்னைக்குப் போடுறதுக்கு ஒட்டல. நீங்க உள்ளவரைக்கும் போடப்போறதுக்குச் சேத்து ஒட்டியிருக்கு."

பெருமாள் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

அவைக்குப் போகும் நீண்ட நடைக்கூடத்தில் பூங்கோதை தனியாக எதிரே வந்தார். பெருமாள் வழிமறிப்பதுபோல நின்றுவிட்டார். கேலி எதுவும் வாயில் வரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா. நீங்க ஏன் பேச்ச நிறுத்தினீய?"

பூங்கோதை இரண்டு பக்கமும் பார்த்தார். பட்டை கட்டிய கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டார். அதனால் பயனில்லை என்று அவருக்கும் தெரியும்.

"எங்க பையன் கப்பல்ல வேல பாக்கறானுங்க."

"அது எனக்குத் தெரியாதே. நல்லா இருக்கானா?"

"இருக்கறானுங்க," என்றார் பூங்கோதை. "அதுக்குத்தான்."

பிற்பகலில் அவை நிரம்பியிருந்தது. பெருமாளின் வெள்ளிக்கிழமை என்றால் எல்லோருக்கும் விருப்பம். பார்வையாளர் மாடத்தில் அமலி, கில்பர்ட்டின் அழைப்பைத் துண்டிக்காமல், காதில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். துணைத்தலைவர் பெயரை அழைத்தார். பெருமாள் எழுந்தார். சொல்ல வேண்டியது நான்கைந்து சொற்கள்தான்: மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கோருகிறேன். உறக்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். பட்டையில் அது பதிவாகியிருக்கும்.

சொல்லாமல் இருப்பது எளிது என்று அவர் நினைத்திருந்தார். சொல்லாமல் நின்றபோதுதான் தெரிந்தது, அது போதாது என்று. இன்று சொல்லாமல் அடுத்த வாரம் சொல்கிற ஆளாக அவர் உள்ளுக்குள் நின்றுகொண்டிருந்தார். மேலே அமலியின் முகம் மாறவில்லை. அவர் அடுத்த வாரத்தை விட்டார். அதற்கடுத்த கூட்டத்தொடரை விட்டார். நல்ல மசோதா ஒன்று இருந்தது, உண்மையிலேயே நல்லது, நாட்டுக்கு உதவக்கூடியது. பல்லைப் பிடுங்குவதுபோல அதையும் பிடுங்கிப் போட்டார். உணவகத்து மேசையை விட்டார். சுற்றி உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் முகங்களை விடுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

"மாண்புமிகு உறுப்பினர்?" என்றார் துணைத்தலைவர்.

மேலே, "எல்லாப் பேரையும் கிழிக்கானுவக்கா," என்று கில்பர்ட் சொன்னதும் அமலி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்து ஒருமுறை தலையை அசைத்தாள்.

பெருமாள் தாளை மடித்துப் பையில் வைத்தார். துணைத்தலைவர் அடுத்த பெயருக்குப் போனார். முதல்முறை உறுப்பினரான ஒரு பையன் பின்னாலிருந்து, "அண்ணாச்சிக்கும் கொழுக்கட்ட கெடச்சிருச்சு போல," என்றான். அவனைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவன் கையில் தடிமனாக ஒரு மசோதா இருந்தது. அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பெருமாளுக்குத் தோன்றியது. அதுவும் எதற்கு என்று விட்டுவிட்டார்.

தன் இருக்கையில் உட்கார அவருக்கு மனமில்லை. நடைபாதையில் ஏறிக் கடைசி வரிசைக்குப் போனார். பூங்கோதை பக்கத்து இருக்கையில் இருந்த தன் கைப்பையை எடுத்து வழிவிட்டார்.

முன்வரிசையிலிருந்து பார்க்கும்போது இவர்கள் குனிந்து தூங்குவதாகத்தான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். யாரும் தூங்கவில்லை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கைபேசி இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வரைபடம், அதில் ஒரு புள்ளி. ஒருவருடையது ஏதோ ஒரு நாட்டின் கல்லூரி விடுதியில் இருந்தது. ஒருவருடையது பாலைவனச் சாலையில் ஊர்ந்தது. பூங்கோதையினுடையது நடுக்கடலில் இருந்தது. கண்ணெடுக்காமல், பேசாமல், நாட்டின் அயலுறவை அவர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பெருமாள் தன் கைபேசியை எடுத்து, கில்பர்ட்டின் படகைத் தேடி, மடியில் வைத்துக்கொண்டார். புள்ளி மிதவையின் துறைமுகத்திலேயே நின்றது. முன்னால் அந்தப் பையன் எழுந்து, மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கோரினான். யாரும் எதிர்க்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் புள்ளி ஒரு நூலளவு கரையை நோக்கி நகர்ந்தது. பெருமாள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டார்.